காய் வெந்த தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குக் கூட்டு இல்லாமல் சோறு இறங்காது. மீன் குழம்பு வைத்த நாளில்கூடத் தட்டோரத்தில் ஒரு கரண்டி கூட்டு இருக்க வேண்டும். நான் வைக்கும் கூட்டுக்கு அந்த மனுஷன் அடிமை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எதற்கு? பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

கூட்டு வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். சுரைக்காயோ புடலங்காயோ பூசணியோ, நறுக்கிப் போட்டு, ஒரு கை பாசிப்பருப்பைச் சேர்த்து, அடுப்பைக் குறைத்துவைத்து மூடிவிட வேண்டும். காய் தானே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே அது வெந்து, பருப்போடு குழைந்து, சட்டியின் ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும்போது தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, கடைசியில் வடகம் தாளித்துக் கொட்ட வேண்டும். தெருமுனை வரை மணக்கும்.

திருமானூருக்கு இந்தப் பக்கம், கொள்ளிடக் கரை ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எது வெந்தாலும் அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றக் கூடாது. பருப்பு வெந்த தண்ணீர், கொள்ளு வடித்த தண்ணீர், கீரை வெந்த தண்ணீர், எல்லாம் ரசத்துக்குப் போகும். காயைவிடக் காய் வெந்த தண்ணீரில்தான் சத்து என்பது என் மாமியாரின் வேதம். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கோயிலில் நற்கருணை வாங்கும்போது காட்டுகிற பக்தியை அத்தை பருப்புத் தண்ணீரிடமும் காட்டுவார். பிள்ளை பெற்றவளுக்கு அது, காய்ச்சலில் கிடப்பவனுக்கு அது, பால்குடி மறந்த குழந்தைக்கு அது. என் மகளும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவள்தான்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து, பிறகு இரத்தக்கொதிப்பு வந்து, இரண்டும் சேர்ந்து கிட்னியைத் தின்றுவிட்டன. கரும்பும் நெல்லும் போட்டுக்கொண்டு, ஆள் ஒல்லியென்றாலும் மூட்டை தூக்குகிற மனுஷன். கால் வீங்கியபோது வரப்பில் நடந்த அசதி என்றார். முகம் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்றார். அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கே சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். "வீட்ல காய் எப்படிச் சமைப்பீங்கம்மா?" என்று கேட்டாள். நானும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற தோரணையில் என் கூட்டுப் பக்குவத்தை விவரித்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யய்யோ, அப்படிச் செஞ்சுடாதீங்கம்மா. காய்ல பொட்டாசியம் இருக்கு. நம்ம ஒடம்புல அது கூடுனா கிட்னி ஒண்ணுக்கோட வெளிய தள்ளிடும். சாருக்குத் தள்ளாது, ரத்தத்துலயே தங்கிடும். தங்குச்சுன்னா நெஞ்சு நின்னுடும். வலி கிலின்னு எதுவும் முன்னாடி வந்து சொல்லாது. காயைப் பொடிசா நறுக்கி, வெந்நியில ஊற வச்சு, நெறைய தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிடணும். அப்புறம்தான் கூட்டோ பொரியலோ. கீரை வேண்டாம், பழம் வேண்டாம், எளநி கண்ணாலகூடப் பாக்க வேண்டாம். தண்ணியும் அளவாத்தான் குடிக்கணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் சிரித்தார். "வயலுக்குப் பொட்டாஷ் ஒரம் போதலன்னு கடைகடையா அலைஞ்சேன். இப்ப எனக்கே அது கூடிப்போச்சாம். பேசாம என்னைக் கொண்டுபோயி கரும்புக்கு அடியில பொதச்சிடு. நல்லா வெளையும்."

"வாயை மூடுங்க" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள்.

மறுநாள் காலையில் சுரைக்காயை வேகவைத்து, தட்டைப் போட்டு மூடி, தண்ணீரைக் குண்டானில் வடித்தேன். அத்தை அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"என்னாடி பண்ற?"

"டாக்டரு சொன்னதுங்கத்தை. இந்தத் தண்ணி அவருக்கு ஆவாது."

"சத்தையெல்லாம் வடிச்சுக் கொட்டிப்புட்டு சக்கையைப் போடுவியா எம்மவனுக்கு? நோயாளிக்குச் சத்து ஏத்துவாங்களா, எறக்குவாங்களா? எந்த ஊரு டாக்டரு அவன்?"

பொட்டாசியம் என்றேன். உப்பு மாதிரி ஒன்று என்றேன். நெஞ்சு நின்றுபோகும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உப்புன்னா உப்பைக் கொறச்சுப் போடு. தண்ணிய எதுக்குக் கொட்டுற?" என்றார். எனக்கு ஏழரை மணி பஸ். "நான் சொன்னதைச் செய்யுங்க, அவ்வளவுதான். அதை மாட்டுத் தொட்டியில ஊத்திடுங்க" என்று குண்டானைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் தினமும் அப்படித்தான். சோறும் கூட்டும் நான் வைத்துவிட்டுப் போவேன். மத்தியானம் சூடாக ரசம் வைப்பது அத்தையின் வேலை. தக்காளி கூடாது, புளி பேருக்கு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, சோற்றுக்கு ஒரு கரண்டி. அந்த அளவை அந்தப் பெண்ணிடம் கேட்டு வந்து நான்தான் அத்தைக்குச் சொன்னேன்.

தண்ணீரை வடித்த காயில் கூட்டு வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். வாயில் வைத்தால் ஈரத்துணி. முதல் வாரம் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாவது வாரம், "ஏ புள்ள, இது காயா, காயோட ஆவியா?" என்று கேட்டார். "அம்மா வைக்கிற ரசம் மட்டுந்தான் வாய்க்கு வெளங்குது" என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் என் கூட்டுக்கு நாக்கை நீட்டிய மனுஷன் இப்போது அம்மா ரசத்துக்குப் போய்விட்டாரே என்று பொறாமையே வந்தது. நோயாளி விஷயத்தில் என்ன பொறாமை என்று கேட்கலாம். வந்தது, என்ன செய்ய?

விடவில்லை நான். சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிப் போட்டுப் பார்த்தேன். மிளகை வறுத்துத் தட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், வடித்த புடலங்காயை மண்சட்டியில் போட்டு, வெந்த பாசிப்பருப்பில் கொஞ்சமே கொஞ்சம் சேர்த்து, கங்கு மட்டும் இருந்த விறகடுப்பில் ஏற்றிவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விட்டேன். வெந்த காயை மறுபடி எதற்கு இவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று யாரும் கேட்பார்கள். ஆனால் அந்த மெதுச்சூட்டில் பருப்பு காய்க்குள் இறங்கிவிட்டது. தேங்காய் ஒரு ஸ்பூன், சீரகம், கறிவேப்பிலை. அவர் சாப்பிட்டார். தட்டை என் பக்கம் தள்ளி, "இன்னொரு கரண்டி போடு" என்றார். அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்று எனக்கு அவரைக் காப்பாற்றிவிடலாம் என்றே தோன்றியது.

அந்த மாதக் கடைசியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னம்மா குடுத்தீங்க? எளநி குடிச்சாரா? வாழப்பழமா? கீரையா?" ஒன்றுமே இல்லை சார் என்றேன். "ஒண்ணுமில்லாம ஏறாதும்மா. டீச்சர்ங்கறீங்க, நீங்களே இப்படின்னா எப்படி?" என்றார். அன்று மெஷினில் கூடுதல் நேரம் வைத்து இறக்கி அனுப்பினார்கள். டீச்சர் என்று சொன்னதுதான் வழியெல்லாம் காதில் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் வாழைப்பழம் தின்றீர்களா, வயல் பக்கம் போனபோது எவனாவது இளநீர் வெட்டிக் கொடுத்தானா, உண்மையைச் சொல்லுங்க என்று உலுக்கினேன்.

"மாதா மேல சத்தியமா ஒண்ணும் திங்கலடி."

"பொய் சொல்லாதீங்க. அப்ப எப்படி ஏறுச்சு? காத்துலயா வந்துச்சு?"

"எனக்கென்னடி தெரியும்? நீ போட்டதத் தின்னேன். அம்மா ஊத்துனதக் குடிச்சேன்."

அத்தை நடுவில் வந்தார். "சக்கையத் தின்னுட்டு எம்புள்ள சருகாப் போயிட்டான். அவனப் போட்டு ஏண்டி இப்படி வறுத்தெடுக்குற?" எனக்கு ஆத்திரம் பொங்கியது. பதில் சொன்னால் வாய் நீளும் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுத்த நாளிலிருந்து காயை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வேகவைத்து வடித்தேன். இரண்டு தண்ணீரும் குண்டானுக்குப் போயின.

அடுத்த பரிசோதனையிலும் கூடித்தான் இருந்தது. கால் துவண்டது அவருக்கு. கட்டிலிலிருந்து எழும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பருப்பைக் குறைத்தேன். தேங்காயை நிறுத்தினேன். பூசணியை நிறுத்தி, முட்டைக்கோசை நிறுத்தி, சுரைக்காயும் புடலங்காயும் மட்டும் வாங்கினேன். டீக்கடைக்காரரிடம் போய், என் வீட்டுக்காரர் கேட்டால் எதையும் கொடுக்காதீர்கள் என்று சண்டைக்குப் போகிறவள் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். அவர் டீக்கடைப் பக்கம் வந்தே நாளாகிறது டீச்சர் என்றார் கடைக்காரர். அதையும் நான் நம்பவில்லை.

ஒரு திங்கட்கிழமை, நான் வகுப்பில் இருக்கும்போது போன் வந்தது. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து, திங்கள் மத்தியானம் போக வேண்டும். நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் அரியலூர் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொன்னது சரிதான், முன்னாடி எதுவும் வந்து சொல்லவில்லை.

வாசலில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கோயிலில் துக்க மணி அடித்து ஓய்ந்திருந்தது. உபதேசியார் ஜெபம் சொல்ல இன்னும் வரவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். பெரம்பலூரில் நர்சிங் படிக்கும் என் மகள் அப்போதுதான் வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்.

"சத்தெல்லாம் வடிச்சுப்புட்டு சக்கையத்தான் போட்டாளே, என் ராசா
சாக்கடைக்குப் போவாம நான் எடுத்து வச்சேனே
காய் வெந்த தண்ணியில கைமணக்க ரசம் வச்சு
கண்ணே ஒனக்குன்னு கலந்து குடுத்தேனே
கும்பா நெறையக் குடிச்ச புள்ள, என் ராசா
கூப்புட்டா பேசாமக் கெடக்குறியே"

முதல் வரி என்னைச் சொன்னது. அது புதிதில்லை, தெருவே கேட்டதுதான். அடுத்த வரிகளை நான் கேட்டேன், ஆனால் மனதில் ஏறவில்லை. அவர் அதையே திரும்பவும் பாடினார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

அந்தக் குண்டான் தண்ணீர் மாட்டுக்குப் போகவே இல்லை. நான் வடித்து எடுத்த விஷம் அத்தனையும் மத்தியான ரசமாக அவருக்கே போயிருக்கிறது. ஏறிவிட்டது, ஏறிவிட்டது என்று நான் எவ்வளவுக்குக் கூடுதலாக வடித்தேனோ, அவ்வளவும் கூடுதலாகப் போயிருக்கிறது. அட ஆண்டவரே! அந்த மனுஷன் மாதா மேல் சத்தியம் செய்தாரே, அது முழுக்க உண்மை.

எழுந்துவிட்டேன். என்ன செய்யப் போனேன் என்று இன்றும் தெரியாது. அத்தையின் தலைமயிரைப் பிடித்திருப்பேனோ என்னவோ. துக்கம் தாங்காமல் எழுந்திருக்கிறேன் என்று நினைத்து நாலு பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்தார்கள். "அழுதுடு டீச்சர், அழுதுடு" என்றார்கள். மகள் என் கையை விடவே இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மகள் பெரம்பலூர் கிளம்பும்போது கேட்டாள். "அப்பத்தாட்ட சொல்லிடலாம்மா. ஊரு பூரா ஒன்னையில்ல பேசுது. பட்டினி போட்டே கொன்னுட்டாளாம்னு பஸ்ஸுல பேசுறாங்க. என் காதாலயே கேட்டேன்."

"சொன்னா?"

"அது மட்டுந்தான் காரணம்னும் சொல்ல முடியாதும்மா. அப்பாக்கு நெஞ்சும் பலவீனமாத்தான் இருந்துச்சு. ஆனா..."

"ஆனா, இல்ல? நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

சொல்லவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மாதமெல்லாம் எனக்கு அத்தை மேல் இரக்கமே இல்லை. அவர் இருமினால்கூட எரிச்சல் வந்தது. ஒரே பிள்ளையைப் பெற்றவர், அந்தப் பிள்ளை போய்விட்டான். உன் கையால்தான் போனான் என்று சொன்னால் மறுநாள் கொள்ளிடத்தில்தான் தேட வேண்டும். இன்னொரு பெட்டியை வாசலில் வைக்க எனக்குத் தெம்பு இல்லை. ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கடையில் காய் வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுபோகும். நான் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். வீட்டில் பழையபடி தண்ணீர் வடிக்காத கூட்டு வைத்தேன். அத்தையும் நானும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "இதை அன்னிக்கே வச்சுக் குடுத்திருந்தா" என்று அத்தை ஆரம்பிப்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவேன்.

இப்படியே என் காலம் முடியும் வரை இருந்திருப்பேன். எதிர் வீட்டுக்காரி வந்துதான் அது உடைந்தது.

அவள் புருஷன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அவருக்கும் கிட்னி போய், அரியலூரில் டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள். கூட்டுக்குக் காயை எப்படி வடிப்பது என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, அத்தை அவளுக்கு எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"கொட்டாதடியம்மா. நான் பட்டவ சொல்றன், கேளு. எம்மருமவ படிச்சவதான். கொட்டு கொட்டுன்னு கொட்டி எம்புள்ளயக் கொண்டுபோயிச் சேத்துட்டா. நான் ஒளிச்சு எடுத்து வச்சு ரசத்துல ஊத்துனதாலதான் அத்தன மாசமாவது இருந்தான். நீயும் அப்படியே செய்யி. டாக்டருட்ட மட்டும் வாயத் தொறக்காத."

"சரிங்க பெரியம்மா" என்றாள் அவள். தலையை ஆட்டிக்கொண்டே சொன்னாள். அவளுக்குச் சின்னச் சின்னதாய் இரண்டு பிள்ளைகள்.

பையைக் கீழே போட்டேன். "அந்தத் தண்ணிய ஊத்தாத."

"வந்துட்டா பாரு" என்றார் அத்தை.

"நீ ஊத்துனா ஒன் வூட்டுக்காரரு செத்துடுவாரு. வேகவச்சதுல எறங்குற விஷமெல்லாம் அந்தத் தண்ணியிலதான் இருக்கு. கிட்னி இல்லாதவங்களுக்கு அது நெஞ்ச நிறுத்திடும். ஒரு சொட்டுகூட வூட்டுல வைக்காத. நீயே ஒன் கையால கொண்டுபோயி கொல்லையில ஊத்து. யாருட்டயும் குடுக்காத."

"ஏன் டீச்சர் இப்படிச் சொல்றீங்க? பெரியம்மா குடுத்தேங்கறாங்களே..."

"எங்க வூட்டுக்காரரு அப்படித்தான் செத்தாரு."

சொல்லியாகிவிட்டது. எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். மாதக்கணக்காக நெஞ்சில் கட்டி வைத்திருந்த கோபத்தைத் தேடினேன். அது இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அத்தை சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊத்துனதுதானா?"

"அது மட்டும்னு சொல்ல முடியாதுங்கத்தை. அவருக்கு நெஞ்சும் பலவீனமா இருந்துச்சு." மகள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

பேச ஆரம்பித்தார். என்னிடம் பேசுகிற குரலாகவே இல்லை.

"தாவமா இருக்கும்மான்னு கேப்பான். தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நீ சொல்லிட்டுப் போயிருப்ப. நீ பஸ்ஸு ஏறுனதும் எப்ப ரசம் வைப்பன்னு அடுப்படி வாசல்ல வந்து குந்திக்குவான். சோத்துக்கு ஊத்துனது போவ, டம்ளர்ல ஊத்தும்மாம்பான். குடிச்சுட்டு இன்னொண்ணு கேப்பான். அவளுக்குத் தெரிஞ்சா கத்துவாம்மா, நீ குடுன்னு சிரிப்பான். பெத்த புள்ள வாயத் தொறந்து கேக்குதேன்னு..."

நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு நாளாச்சும் இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாதாடி நானு?"